கயோலின் பிறந்த மேடும் நம் வாயிற்சுவரும்

பெருமதிப்பிற்குரிய திரு. கோதண்டபாணி அவர்களே!

மண்ணை மதித்தவரே! மௌனத்தை மொழியாகக் கொண்டவரே! விருத்தாசலத்தில் நம் பீங்கான் தொழிற்பயிற்சி நிலையத்தின் மூலப்பொருள் ஆய்வுக்கூடத்தைத் தம் இரண்டாம் வீடாக்கிக்கொண்டு, இன்று அதன் சாவியை ஒப்படைத்து விடைபெறுபவரே!

இதுவரை எழுதியதை மட்டுமே எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். இனி வருவதை நாங்கள் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்று எங்களுக்கே ஐயம். நம் வாயிற்சுவரைத் திறக்க இருந்த அந்த ஆண்டு விழா நாளில் தூறல் விழுந்தது என்கிறார் பண்டகக் காப்பாளர் கார்முகில். வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறார் வார்ப்புப் பிரிவின் பயிற்றுநர் மோகனப்பிரியா. தாங்கள் ஒலிபெருக்கி முன் நின்று பேசாமல் இருந்தது ஒரு நிமிடம் என்போர் உண்டு; கால் மணி நேரம் என்று அடித்துச் சொல்வோரும் உண்டு. எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறோம். அதில் பெரும்பகுதி மோகனப்பிரியா சொன்னது. அன்று அதிகம் இழந்தவர் அவர்தான்.

பாராட்டு மடலில் ஐயத்துக்கு இடம் கொடுப்பது வழக்கமில்லை. ஆனால் ஒரு பாராட்டு மடலால் நம் நிலையம் பட்ட பாடு தாங்கள் அறியாததா?

மற்ற ஊர்களில் இத்தகைய மடலைக் காகிதத்தில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவார்கள். நம் நிலையத்தில் அதை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் தூரிகையால் எழுதி, சூளையில் சுட்டெடுப்பார்கள். ஓர் ஓடு விடைபெறுபவரின் வீட்டுக்குப் போகும். அதன் நகல் வகுப்பறைகளுக்கு எதிரே நீளத் தாழ்வாரத்தில் தொங்கும். வெயிலோ மழையோ கரையானோ அதை ஒன்றும் செய்யாது. சுட்ட எழுத்து என்பதில் நமக்கு அவ்வளவு பெருமை. சுட்ட எழுத்தைத் திருத்த முடியாது என்பதை யாரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

முன்னாள் தலைவர் திரு. பழமலைநாதன் ஓய்வு பெற்றபோது எழுதிய ஓட்டில் இப்படி ஒரு வரி வந்தது: ‘கயோலின் என்னும் சொல்லை உலகுக்கு ஈன்ற உயர்மலையாம் எங்கள் பழமலையின் பெயர் தாங்கிய பெருந்தகையே!’ கயோலின் என்பது பீங்கானுக்கு உயிரான வெள்ளைக் களிமண். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உயர்ந்த மலை என்று பொருள் என யாரோ எங்கோ படித்திருந்தார்கள். விருத்தாசலம் என்னும் நம் ஊரின் தமிழ்ப்பெயர் பழமலை, விடைபெறுபவரின் பெயரிலும் பழமலை. மூன்றையும் ஒரே வரியில் கோத்தபோது அரங்கம் கைதட்டியது. அந்த வரியை எழுதியது யார் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடு இல்லை. எழுதியவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். விடைபெறும் ஒருவரை இன்னும் ஒரு படி மேலே ஏற்றி வைக்க நினைத்திருப்பார், அவ்வளவுதான்.

அந்த வரி தாழ்வாரத்தில் தொங்கியது. பயிற்சியாளர்கள் போகும்போதும் வரும்போதும் படித்தார்கள். பிறகு அது வகுப்பில் பாடமாயிற்று, தேர்வில் கேள்வியாயிற்று, பார்வையிட வந்தவர்களுக்கு நாம் பெருமையோடு சொல்லும் செய்தியாயிற்று. பெயரில் மலையைச் சுமந்துகொண்டு, ஏறிப் பார்க்க ஒரு மேடும் இல்லாமல் இருக்கும் ஊர் நம்முடையது. அந்த மலை உலகத்தின் அகராதியில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கேட்கப் பிடித்த ஒன்று எவ்வளவு எளிதாகத் தெரிந்த ஒன்றாகிவிடுகிறது என்பதை எண்ணினால் இப்போதும் அச்சமாக இருக்கிறது.

அதைப் பாடமாக நடத்தியவர் தாங்கள். மிகையாக ஒரு சொல்லும் எழுதாத தாங்கள்! ஒரு பயிற்சியாளருக்கு நற்சான்று கேட்டு வந்தபோது, ‘இவர் சொன்ன நேரத்துக்கு வருவார்’ என்று மட்டும் எழுதித் தந்தீர்கள். அப்படியானால் அவரிடம் குறை ஏதாவது உண்டா என்று அந்த நிறுவனத்தார் பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டார்கள். தாங்கள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து வைத்தும்விட்டார்கள். பிளாஸ்டர் அச்சின்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் தலை நிமிராமல் படிக்கும் தாங்களே அந்த வரியை நம்பினீர்கள் என்றால், நாங்கள் எம்மாத்திரம்?

ஆண்டு விழாவுக்கு வாயிற்சுவரைப் பீங்கான் ஓடுகளால் அணி செய்வது என்று முடிவானபோது அந்தப் பொறுப்பு மோகனப்பிரியாவுக்கு வந்தது. பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு சென்னைவரை போய், ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. விழாவுக்கு வரும் உயர் அதிகாரிதான் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர். சுவரைத் திறந்து வைத்துவிட்டு இங்கேயே போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். கோப்பும் அவருடைய காரிலேயே வந்தது.

மோகனப்பிரியா கோடை முழுவதும் அந்தச் சுவரோடு கிடந்தார். கீழே வெட்டியெடுத்த வெள்ளை மண், நடுவே கோபுரம், மேலே ஒரு பெரிய மலை. மலையின் அடியில், கை அகல எழுத்துகளில், ‘கயோலின் என்ற சொல் பிறந்த மலை நம் பழமலை.’ சூளையில் ஓடு சுருங்கும் அளவைக் கணக்கிட்டு ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக வரைந்து, கோணியதைத் தூக்கிப் போட்டு, மீண்டும் வார்த்து, மீண்டும் சுட்டார். விழாவுக்கு முந்திய நாள் மஞ்சள் துணியில் திரையும் தாமே தைத்து மாட்டினார்.

விழா நாளில் அதிகாரி திரையின் கயிற்றைக் கையில் வாங்கினார். பக்கத்தில் பூத்தட்டோடு மோகனப்பிரியா நின்றார். அப்போது கடைசி வரிசையிலிருந்து தாங்கள் எழுந்து வந்தீர்கள். கையில் கைப்பேசி. ஒலிபெருக்கி முன் நின்றீர்கள். ஒன்றும் பேசவில்லை. கருவிதான் பழுதென்று நினைத்துக் கார்முகில் ஓடிவந்து அதைத் தட்டிப் பார்த்தார். அதன் பிறகு தாங்கள் சொன்னது இது:

“திரைய எடுக்க வேணாங்க. அதுல எழுதியிருக்கறது தப்பு. கயோலின்ங்கற சொல்லு நம்மூர்ல பொறக்கல. பொறந்துதுன்னு வகுப்புல இத்தன வருஷம் சொல்லிக் குடுத்தது நான்தான்.”

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. நாதசுரக்காரர் வாயில் வைத்த சீவாளியை எடுக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. மோகனப்பிரியாவுக்குத் தப்பு என்ற அந்த ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. தம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்ததாம். பூத்தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலிகளைப் பார்த்தார்; எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. அதிகாரி கயிற்றைக் கீழே விட்டார். உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள் என்று நம் தலைவரிடம் சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் காரில் ஏறினார். வேப்பூர்ச் சாலையில் அந்தக் கார் திரும்பி மறையும்வரை மோகனப்பிரியா தட்டோடு நின்றார். கோப்பு அந்தக் காரில் போனது.

நடந்தது என்ன என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விழா மலருக்குக் கட்டுரை எழுதத் தாங்கள் ஓர் ஆங்கில அகராதியைத் திறந்திருக்கிறீர்கள். கயோலின் என்பது சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள காவ்லிங் என்ற ஊரின் பெயர் என்று அதில் கண்டிருக்கிறீர்கள். காவ்லிங் என்றால் உயர்ந்த மேடு. அங்கே தோண்டிய வெள்ளை மண்ணுக்கு அந்த ஊர்ப்பெயரே நின்றுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர், பீங்கான் செய்யும் விதத்தைத் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதியபோது, மண்ணின் பெயரும் கூடவே போயிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் நாக்கில் கயோலின் ஆகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்து, உலகம் சுற்றி, நம் பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது. உயர்ந்த மலை என்று நாம் கேள்விப்பட்ட பொருள் ஏறக்குறைய சரிதான். மலைதான் வேறு.

ஓர் அகராதியை மட்டும் நம்பத் தங்களுக்கு மனம் வரவில்லை. நம்மிடம் படித்து, குஜராத்தில் ஓடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜோ, இயந்திரம் வாங்கும் வேலையாக அந்தச் சமயம் சீனாவில் அந்தப் பக்கம்தான் இருந்தார். அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தீர்கள். அதிகாரி கயிற்றைத் தொட்டபோது ஜோவின் குரல் வந்து சேர்ந்தது. அதைத் தாங்கள் பிறகு எங்களுக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

“சார், ஊரு இருக்குது சார். மேல ஏறிட்டேன், மூச்சு வாங்குது. மண்ணு வெட்டறத நிறுத்தி ரொம்பக் காலம் ஆவுதாம். ஊர் பேர பலகைல காட்டறாங்க, நம்ம கயோலினேதான். பரிட்சைல இதுக்கு எனக்கு மார்க்கு போட்டீங்களே சார், திருப்பிக் குடுக்கணுமா?”

கார்முகில் எழுந்து பண்டக அறைக்குப் போய், காலியான சாக்கு ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். அதில் கொட்டை எழுத்தில் ‘சைனா கிளே’ என்று இருந்தது. சீனக் களிமண். இதே கயோலினுக்கு வியாபாரத்தில் வழங்கும் பெயர். அவர் நாள்தோறும் இறக்கி, ஏற்றி, எண்ணிக் கொடுத்த சாக்கு.

“சாக்குலயே சைனான்னு போட்டிருக்குது. நம்மள்ல ஒருத்தரும் ஏன்னு கேக்கலையே, சார்?”

அந்தச் சாக்கைப் பார்த்தபோது எங்களுக்கு உண்டான திகைப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. நம் கண்ணெதிரே, கால் தடுக்கும் இடத்தில், விடை மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாம் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தோம்.

மோகனப்பிரியா அன்று மாலை ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். சந்தேகம் மூன்று நாளாக, உறுதி இன்றுதான் என்றீர்கள்.

“சந்தேகத்தயாவது சொல்லியிருக்கலாம்ல சார். நேத்து திரை தெச்சிக்கிட்டு இருந்தேன். பக்கத்துலதான நின்னீங்க?”

“சொல்லியிருக்கணும்மா.”

“சரி, அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போனப்புறம் சொல்லியிருந்தா சுவரு எழுந்து ஓடியா போயிருக்கும்?”

தங்கள் நீண்ட மௌனங்களைக் கண்டு நாங்கள் பழகியவர்கள். அன்றைய மௌனம் வேறு. அது பதில் தேடிய மௌனம் இல்லை. பதில் கையில் இருந்தும் சொல்ல வாய் வராத மௌனம் என்று மோகனப்பிரியா சொல்கிறார்.

“தெறந்துட்டா அப்புறம் யாரும் எடுக்க வுட மாட்டாங்கம்மா. தாழ்வாரத்து ஓட்ட யாராவது எடுத்தாங்களா?”

அவர் வெளியே போனார். அதன் பிறகு பல மாதங்கள் தங்களோடு பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார். எங்களில் பலர் அவர் பக்கம் இருந்தோம். அதை இன்று மறைத்து எழுதுவதில் பொருளில்லை. உண்மை ஒரு மணி நேரம் பொறுத்திருக்காதா என்று நாங்கள் கேட்டோம். அதற்கான விடை இன்றும் எங்களுக்குத் தெளிவாகத் தெரியாது. நடந்த குழப்பத்துக்கு முழுப் பொறுப்பும் தங்களுடையதே, பயிற்றுநர் மேல் குறையில்லை என்று தாங்கள் மேலிடத்துக்கு விளக்கம் அனுப்பினீர்கள். பதில் வரவில்லை.

சுவரைத் திறக்கவும் உத்தரவில்லை, பிரிக்கவும் உத்தரவில்லை. மஞ்சள் திரை வெயிலில் வெளுத்தது, மழையில் நைந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் உள்ளே என்ன சிலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு காலையில் உளிச் சத்தம் கேட்டுக் கார்முகில் வாசலுக்கு ஓடினார். திரை தரையில் கிடந்தது. மோகனப்பிரியா ஏணிமேல் ஏறி நின்று, தாம் பதித்த எழுத்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டு விடவில்லை, ஓடுகள் துண்டு துண்டாக விழுந்தன. கோடை முழுவதும் அவர் வார்த்த எழுத்துகள் காலடியில் சில்லுகளாகக் கிடந்தன. உத்தரவில்லாமல் கைவைத்தால் வேலைக்கே ஆபத்து என்று கார்முகில் கெஞ்சினார்.

“இது என் சுவரு. தப்பா இருந்தா நான்தான் எடுப்பேன். ஏணிய புடிங்க, ஆடுது.”

கார்முகில் ஏணியைப் பிடித்தார். பிறகு மோகனப்பிரியா கையெல்லாம் சிமெண்டுத் தூளோடு ஆய்வுக்கூடத்துக்கு நேராக வந்தார். புதிய ஓடுகளை ஏற்கெனவே வார்த்து, எழுத்து வரையும் பதத்தில் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதையும் காட்டச் சொன்னார். தாங்கள் வழக்கம்போல் யோசனையில் ஆழ்ந்தீர்கள்.

“இன்னிக்கு மட்டும் சீக்கிரம் சொல்லிடுங்க சார். ஓடு காஞ்சிடும்.”

தாங்கள் சிரித்தீர்கள். நாங்கள் அதைக் கண்டது அதுவே முதல் முறை என்று எழுத நினைத்தோம்; உறுதியில்லாததால் விட்டுவிட்டோம். புத்தகத்தைத் திறந்து காட்டினீர்கள். அவர் படித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ‘கயோலின்: சீனாவில் ஓர் ஊரின் பெயர். உயர்ந்த மேடு என்று பொருள். அந்த ஊர் மண்ணுக்கு அந்தப் பெயர் நின்றது.’ நம் ஊருக்கும் ஒரு வரி வேண்டாமா என்று அவர் கேட்டார். நம் ஊரைப் பற்றி உறுதியாக என்ன தெரியும் என்று தாங்கள் திருப்பிக் கேட்டீர்கள். இந்த முறை நீண்ட நேரம் பேசாமல் நின்றவர் மோகனப்பிரியா. பிறகு நான்காம் வரியைத் தாமே எழுதினார்: ‘இந்த ஓடுகள் விருத்தாசலத்தில் சுடப்பட்டன.’

தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழேயும் ஒரு சிறு ஓடு வைத்தோம்: ‘மேலே உள்ள மடலில் மலை பற்றிய செய்தி பிழை.’ அதற்கு முன்னால் ஒரு மரியாதைக்காகத் திரு. பழமலைநாதனிடம் சொல்லிவிட்டு வர, அவர் ஓய்வில் இருக்கும் நல்லூருக்குப் போயிருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் வருத்தப்படவில்லை.

“மல தப்புன்னா போவட்டும்ப்பா. அதுல என்னப் பத்தி எழுதியிருந்தீங்களே, கோபமே தெரியாதவருன்னு, அதெல்லாம் உண்மதான?”

நாங்கள் காப்பி நன்றாக இருக்கிறது என்றோம்.

ஐயா! தங்கள் மடலுக்கு ஓடு வார்க்கத் தொடங்கியபோது தாங்கள் மோகனப்பிரியாவிடம் வந்து, தங்களுக்குக் காகிதம் போதும், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்றீர்களாம். ஆகவே நம் நிலையத்தின் வரலாற்றில் காகிதத்தில் எழுதிய முதல் பாராட்டு மடல் தங்களுடையதே. கண்ணாடிச் சட்டத்தின் பின்னட்டையை ஆணி அடிக்காமல் விட்டிருக்கிறோம், கழற்றலாம். வார்த்த ஓட்டை வீணாக்க மனமில்லாமல் மோகனப்பிரியா அதில் ஒரு சொல்லும் எழுதாமல் வெள்ளையாகவே சுட்டுவிட்டார். அதையும் தங்களிடம் தருகிறோம். சூடான பாத்திரம் வைக்க உதவும் என்கிறார்.

தாங்கள் கடலினும் ஆழமானவர், இமயத்தினும் உயர்ந்தவர் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். மலைகளைப் பற்றி எழுதும் துணிவு போய்விட்டது. எங்களால் உறுதிசெய்ய முடிந்தது இதுதான்: நாங்கள் எல்லோரும் விரும்பிய ஒரு பொய்யைத் தாங்களும் விரும்பினீர்கள், அது பொய்யென்று தெரிந்ததும், ஊர் முன்னால் எழுந்து நின்றீர்கள். அதனால் விளைந்த இழப்பு தங்களுக்கு மட்டும் ஆனதில்லை என்பதையும் தாங்கள் ஒரு நாளும் மறக்கவில்லை. இதற்கு அடைமொழி எங்களுக்கு அகப்படவில்லை.

நூறாண்டு வாழ்வீர்கள் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டோம்; அது எங்களுக்குத் தெரியாது. மூட்டுவலி இல்லாமல், கண்ணொளி குன்றாமல், படிக்கப் புத்தகமும், படிக்கும்போது குறுக்கே பேசாத வீடும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். விரும்புகிறோம் என்பது உறுதி.

இனி, அவரவர் செய்தி. அந்த அதிகாரி வேறு துறைக்கு மாற்றலாகிப் போனார். மீண்டும் இங்கே வரவில்லை. மோகனப்பிரியாவின் நிரந்தர ஆணை இரண்டு ஆண்டு தாமதமாக வந்தது. அதில் கையெழுத்திட்டவர் நம் சுவரைப் பார்த்ததே இல்லை. அந்த இரண்டு ஆண்டு அவருடைய பணிமூப்பில் சேரவில்லை, இனியும் சேராது. இந்த மடலைச் சபையில் படிப்பவர் அவர்தான். ஜோ குஜராத்தில் இருக்கிறார். அவருடைய மதிப்பெண் திருத்தப்படவில்லை. கார்முகில் பண்டக அறையில் இருக்கிறார். பழமலைநாதன் நல்லூரில் நலமாக இருக்கிறார். சுவர் நிற்கிறது. தாங்கள் இன்று மாலை வீட்டுக்குப் போகிறீர்கள்.

இங்ஙனம்,
மேலே உள்ளவற்றைப் படித்துப் பார்த்து, சரியென்று ஒப்புக்கொண்ட
நிலையப் பணியாளர்கள்,
விருத்தாசலம்.